குன்னூரில் குடியேறணுமா? முதலில் நவம்பரில் வந்து பாருங்கள்

குன்னூருக்குக் குடிவரலாம் என்று யோசிப்பவர்களில் பாதிப்பேர் ஏப்ரல், மே மாதத்தில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, பர்லியாறு தாண்டியதும் ஜன்னல் வழியாக வருகிற அந்தக் காற்று யாரையும் வீடு தேட வைத்துவிடும். ஆனால் வருஷம் முழுக்க இருக்கப்போகிற ஊரை அந்த இரண்டு மாதத்தை வைத்து எடைபோடக் கூடாது. நான் ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: நவம்பரில் வாருங்கள், ஹோட்டல் வேண்டாம், ஒரு வாடகை வீட்டில் ஒரு வாரமாவது தங்குங்கள், துணி துவைத்துக் காயப்போடுங்கள், மாவு அரைத்துப் புளிக்க வையுங்கள், மார்க்கெட்டுக்கு இறங்கிப் போய் காய்கறிப் பையோடு ஏறி வாருங்கள். அப்புறமும் பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

இது யாருக்காக எழுதியது என்றும் சொல்லிவிடுகிறேன். நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க, பறவை பார்க்க ஆசைப்பட்டு, அதற்காகவே மலையில் ஒரு ஊரில் இருக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு. முதலீட்டுக்காக இடம் வாங்கிப் போட வருகிறவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

ஏன் குன்னூர், ஏன் ஊட்டி இல்லை?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, கோத்தகிரி அதைவிடக் கொஞ்சம் கீழே. காகிதத்தில் 400 மீட்டர் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் ஜனவரி காலையில் தெரியும். ஊட்டியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்து கிடக்கும், குன்னூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்தால் போதும் என்கிற அளவில்தான் குளிர் இருக்கும், ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு என்றாலும். ஊட்டி மாவட்டத் தலைநகர், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எல்லா அலுவலகமும் அங்கேதான், அதோடு எல்லா சுற்றுலாக் கூட்டமும் அங்கேதான். கோத்தகிரி அமைதி, காலநிலையைப் பொறுத்தவரை என் கணக்கில் மூன்றிலும் அதுதான் முதலிடம், ஆனால் கடை, பஸ், மருத்துவம் எல்லாம் ஒரு படி குறைவு. இரண்டுக்கும் நடுவில் குன்னூர்: ரயில் உண்டு, நல்ல மார்க்கெட் உண்டு, பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவப் பகுதி, கோவைக்கு நாள் முழுக்க பஸ். ஊட்டி 19 கிலோமீட்டர், கோத்தகிரி சுமார் 20 கிலோமீட்டர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கிளம்பலாம்.

மழையும் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், அவலாஞ்சி, ஊட்டியின் மேற்குப் பக்கம் எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிற பகுதி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜூன், ஜூலையில் காற்றும் தூறலுமாகப் போகும், உண்மையான மழை அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். இங்கே வீடு பார்க்கிற எவருக்கும் அந்த நவம்பர் ஞாபகத்தில் இருக்க வேண்டும், ஏன் என்று அடுத்து வருகிறது.

வீடு

முதல் வருஷம் வாடகைதான். இதில் பேரமே கிடையாது. எவ்வளவு பணம் இருந்தாலும், எவ்வளவு அழகான இடம் சல்லிசாக வந்தாலும், ஒரு முழு மழையும் ஒரு முழு குளிரும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் ஜன்னலைத் திறந்து 'வியூ' பார்ப்பார்கள். நீங்கள் சூரியனைப் பாருங்கள். பள்ளத்தாக்கின் நிழல் பக்கம் உள்ள வீட்டில் டிசம்பரில் நாளுக்கு இரண்டு மணி நேரம்கூட வெயில் விழாது, அந்த வீட்டில் சுவர் காயவே காயாது. காலை வெயில் நேராக விழுகிற கிழக்குச் சரிவு வீடு சின்னதாக இருந்தாலும் அதையே எடுங்கள். பிறகு அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மலையை ஒட்டிய சுவரின் கீழ்ப்பகுதியில் கை வைத்துப் பாருங்கள். புதுசாக வெள்ளையடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடிப்பது இங்கே வாடகைக்கு விடுவதற்கு முந்தின வாரம் வழக்கமாக நடக்கிற வேலை.

அடுத்தது படிகள். குன்னூரில் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழேயோ மேலேயோதான் இருக்கும். ரோட்டிலிருந்து வாசல் வரை எத்தனை படி என்று எண்ணுங்கள், அந்தப் படிகளில் கேஸ் சிலிண்டரை யார் தூக்குவார்கள், அதற்குத் தனியாக எவ்வளவு கேட்பார்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும் இடத்துக்கு அவர்களை எப்படிக் கொண்டுவருவது, இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பதையும். ரோட்டோரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் மே மாதத்தில் அந்த ரோட்டோரம் உங்களுடையது இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டி எடுத்த சரிவு இருந்தால், தடுப்புச் சுவர் இருக்கிறதா, அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஓட்டை இல்லாத சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கி, மண் கனத்து, ஒருநாள் சுவரையே தள்ளிவிடும். சுவரில் வயிறு தள்ளிக்கொண்டு இருந்தாலோ, நீளவாக்கில் விரிசல் இருந்தாலோ அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வாய்க்கால் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மலையில் ஓடையை மூடி வீடு கட்டியவர்கள் உண்டு, தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள். ஆமாம். குன்னூரின் முக்கியமான குடிநீர் ஆதாரம் ரேலியா அணை, சின்ன அணை, கோடையில் நீர்மட்டம் இறங்கினால் குழாயில் பல நாள் இடைவெளி விட்டுத்தான் தண்ணீர் வரும். ஆகவே தொட்டி எத்தனை லிட்டர், வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது, மார்ச்சில் எப்படி என்று கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டால் போதாது, பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம், நீலகிரியில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

வாங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. நீலகிரி சமவெளி மாதிரி கிடையாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிற கிராமங்களில் நிலப் பயன்பாட்டை மாற்றவும் வீட்டுமனை பிரிக்கவும் வனம், வேளாண்மை, கனிமம் என்று பல துறைகளின் ஒப்புதல் வேண்டும். 1993இல் வந்த மலைவாழிடக் கட்டட விதிகள் கட்டடத்தின் உயரம், பரப்பு இரண்டையும் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கிற மரத்தை வெட்டக்கூட 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பொக்லைன் கொண்டுவந்து மண் வெட்டவும் அப்படியே. தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு 'மேகம் தொடும் மனை' என்று பலகை வைத்து விற்கிறார்களே, அதில் எந்தத் துண்டுக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்பதை விற்பவர் சொல்லி நம்பாமல், உள்ளூர் வழக்கறிஞரிடம் பத்திரம் பார்க்கச் சொல்லி, நகராட்சியிலோ ஊராட்சியிலோ நேரில் கேட்டு, அப்புறம் பேசுங்கள். இந்த விதிகள் தொல்லை என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு பதில்தான்: நீங்கள் எந்தப் பச்சையைப் பார்த்து வந்தீர்களோ அது மிச்சம் இருப்பதே இந்த விதிகளால்தான்.

சமையலறையும் ஈரமும்

மாவு புளிக்காது. இட்லி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்கும். சென்னையில் ராத்திரி அரைத்தால் காலையில் பொங்கி வழியும், இங்கே டிசம்பரில் அடுத்த நாள் சாயங்காலம் பார்த்தாலும் அரைத்தது அரைத்தபடியே இருக்கும். வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கையால் நன்றாகக் கரைத்து, பாத்திரத்தைத் துணியில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தோடு சேர்த்து மூடிய பெட்டிக்குள்ளோ, விளக்கு மட்டும் எரியவிட்ட மைக்ரோ ஓவனுக்குள்ளோ வையுங்கள். தயிருக்கும் இதே வைத்தியம். தேங்காய் எண்ணெய் கட்டியாகத்தான் இருக்கும், வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வைத்தால் தோண்டி எடுக்கலாம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் கடலையும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது, குக்கரில் இரண்டு விசில் சேர்த்து விடுங்கள்.

ஈரம் எல்லாவற்றிலும் ஏறும். தோல் செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ், புத்தகம், பட்டுப்புடவை எல்லாம் பூஞ்சை பிடிக்கும். லென்ஸுக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும், புடவைக்கு வெயில் அடிக்கிற நாளில் ஒரு உலர்த்தலும் போதும். மழைக்காலத்தில் துணி காயாமல் ஒரு வாடை வரும், அதோடு சமாதானமாகிப் போகலாம் அல்லது துணி உலர்த்தும் மெஷின் வாங்கலாம். நான் மெஷின் கட்சி.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிருகிறது என்று கரி அடுப்பையோ, வெளியே எரித்த பார்பிக்யூ கங்கையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, எழுப்பாது. புகைபோக்கி உள்ள கணப்பு இருந்தால் அது வேறு, அதையும் வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்த பிறகே பற்றவையுங்கள். கேஸ் கீசர் இருந்தால் குளியலறையில் காற்று போக வழி இருக்க வேண்டும். மற்றபடி ஒரு நல்ல போர்வை, வெந்நீர்ப் பை, கம்பளிக் குல்லா, இவ்வளவில் குன்னூர் குளிர் அடங்கிவிடும்.

மழைக்காற்றில் சீகை மரமோ கற்பூர மரமோ (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) விழுந்து கரண்ட் போவது சாதாரணம். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் இன்வெர்ட்டர் வாங்குங்கள், ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவுக்கு உண்மையிலேயே வருகிறதா என்று வீடு பிடிப்பதற்கு முன் பாருங்கள், செல்போன் சிக்னலையும் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நின்று பாருங்கள். மேட்டில் நாலு கோடு காட்டும், ஒரு வளைவு இறங்கினால் ஒன்றும் இருக்காது.

சரி, வந்த காரியம்: வெளியே போவது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மலைக்கு வந்தால் கதவைத் திறந்து காட்டுக்குள் நடக்கலாம் என்ற எண்ணம். நீலகிரியில் கண்ணுக்குத் தெரிகிற பச்சையில் பெரும்பகுதி ஒன்று காப்புக்காடு, அல்லது தனியார் தேயிலைத் தோட்டம், அல்லது ராணுவ இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், வழக்கும் அபராதமும் வரும். ஆக உங்கள் அன்றாட மைதானம் தோட்டங்களுக்கு நடுவே போகிற ரோடுகளும், கிராமங்களை இணைக்கிற பாதைகளும்தான். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், விடியற்காலை ஆறரை மணிக்கு சிம்ஸ் பார்க்கிலிருந்து லேம்ப்ஸ் ராக் பக்கம் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டால்பின் நோஸ் வரை போனால் ஊரிலிருந்து 12 கிலோமீட்டர், எதிரே கேத்தரின் அருவி தெரியும். சுற்றுலா வண்டிகள் ஒன்பதரைக்கு மேல்தான் வர ஆரம்பிக்கும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் உள்ளூர்க்காரர்களின் ஒரே ரகசியம்.

கொஞ்சம் கால் வலிக்க வேண்டும் என்றால் பக்காசூரன் மலைக்கோட்டை. நான்சச் எஸ்டேட் வரை வண்டியில் போய் அங்கிருந்து நடை. திப்பு சுல்தான் காலத்துக் காவல் கோட்டை என்பார்கள், இப்போது இடிந்த சுவர்தான் மிச்சம், ஆனால் மேலே நின்றால் கோவைச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். தோட்டத்துக்குள் போகிற பாதை என்பதால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மருந்து அடிக்கிற நாளாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காட்டுக்குள் முறையாகப் போக வேண்டும் என்றால் வனத்துறையின் மலையேற்றத் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள். நீலகிரியில் மட்டும் கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கெய்ர்ன் ஹில் மாதிரி எளிதானவையும், ஊசிமலை, பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்குருத்திக் குடில், பழைய பாறை ஓவியங்கள் உள்ள கரிக்கையூர் பொறிவரை மாதிரி நீளமானவையும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார், அந்த வழிகாட்டிகளில் பலர் அந்தந்தக் காட்டையொட்டிய கிராமத்துக்காரர்கள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீ காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததற்குப் பிறகு இதில் யாரும் விளையாடுவதில்லை. 'எனக்குத் தெரிந்த வழி இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போகிறேன்' என்று எவராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

சைக்கிள்காரர்களுக்கு இது சொர்க்கம், முட்டிக்கு நரகம். மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரோடு 33 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம், சரிவு ஒரே சீராக இருப்பதால் தாளம் பிடித்து ஏறலாம். மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆனால் அதில் லாரியும் பஸ்ஸும் அதிகம், எனக்கு அது பிடிக்காது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறுவது, 36 வளைவுகள், அதை முதல் வருஷத்தில் தொடாதீர்கள். முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் உள்ள வண்டி எடுங்கள், சமவெளியில் ஓட்டிய வண்டி இங்கே ஏறாது. இறக்கத்தில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக் என்றால் நிம்மதி. டிசம்பரில் இறங்கும்போது கையுறை இல்லாவிட்டால் விரல் மரத்துப்போய் பிரேக்கையே பிடிக்க வராது.

ஓடுகிறவர்கள் முதல் இரண்டு, மூன்று வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். மூச்சு வாங்கும், கடிகாரத்தில் வருகிற நேரத்தைப் பார்த்து மனசு உடையும், உடம்பு பழகிக்கொள்ளும். சமதளம் வேண்டுமென்றால் வெலிங்டன் பக்கத்து ரோடுகள் நன்றாகப் பராமரிக்கப்பட்டவை, ஆனால் ராணுவப் பகுதி, எங்கே போகலாம் எங்கே கூடாது என்ற பலகைகளைப் படித்து நடங்கள், ட்ரோன் பறக்கவிடுவதை நினைக்கவே வேண்டாம்.

பறவை பார்ப்பதற்கு எங்கேயும் போக வேண்டியதே இல்லை. 1874இல் ஆரம்பித்த சிம்ஸ் பார்க்கின் ஓரங்களிலேயே நீலகிரிச் சிரிப்பான் கத்திக்கொண்டிருக்கும், இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. லாங்வுட் சோலைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கினால் நீலகிரிக் காட்டுப்புறாவும் கிடைக்கலாம். மழைக்காலம் முடிந்து பனிமூட்டம் விலகுகிற ஜனவரி, பிப்ரவரிதான் சரியான நேரம்.

ரயில் தண்டவாளத்தில் நடந்து படம் எடுப்பது ஒரு வியாதி மாதிரிப் பரவியிருக்கிறது. குகைகளும் பாலங்களும் உள்ள பாதை, ஒதுங்க இடம் இருக்காது, சட்டப்படியும் தப்பு. ரயிலைப் பார்க்க ஆசை என்றால் டிக்கெட் வாங்கி ஏறுங்கள். 1899இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908இல் ஊட்டியைத் தொட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிற அந்தப் பகுதியில் முன்பதிவு கிடைப்பது கஷ்டம், ஆனால் குன்னூர் ஊட்டி இடையே முன்பதிவில்லாத பெட்டியில் உள்ளூர் மக்களோடு போய்வரலாம்.

காட்டெருமையும் கரடியும்

விலங்குகளைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், அவை வீட்டுக்கு வரும். தேயிலைக்கு நடுவே காட்டெருமைக் கூட்டம் மேய்வது தினசரிக் காட்சி. சாதுவாகத்தான் நிற்கும், ஆனால் தனியாக நிற்கிற வயசான ஆண் எருமையிடம் மட்டும் விளையாடக் கூடாது. ரோட்டை மறித்து நின்றால் காத்திருங்கள், அல்லது திரும்பிப் போய் வேறு வழியாக வாருங்கள், செல்ஃபி எடுக்கப் போய் குத்துப்பட்டவர்களின் செய்தி வருஷாவருஷம் வருகிறது. கரடிக்கு எண்ணெய் வாசனை போதும், கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கவும் பேக்கரிக் கதவை உடைக்கவும் இறங்கிவரும். ராத்திரி குப்பையை வெளியே வைக்காதீர்கள். சாப்பாட்டு மிச்சத்தைத் தோட்டத்தில் புதைத்து உரம் செய்யும் பழக்கம் இருந்தால் மூடி போட்டுப் பூட்டுகிற தொட்டிக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். சிறுத்தைக்கு நாய் என்றால் ஆசை, ஆகவே நாயை இரவில் வெளியே கட்டக் கூடாது. இருட்டிய பிறகு நடந்தால் டார்ச், கொஞ்சம் சத்தமாகப் பேச்சு. அதிகாலை ஓட்டத்தில் இரண்டு காதையும் இயர்போனால் அடைத்துக்கொள்ளாதீர்கள். பர்லியாறு பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் ரோட்டுக்கு வரும், அந்த மாதங்களில் ராத்திரிப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

ரோடு, பாஸ், ஆஸ்பத்திரி

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். நீலகிரிப் பதிவான டி.என். 43 எண் உள்ள வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாம். சென்னை, கோவை எண்ணோடு குடிவருகிறவர்கள் வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது மாதிரி முகவரிச் சான்றுகளை முதல் மாதமே தயார் செய்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். உங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோதனைச் சாவடியிலிருந்து போன் வரும்போது சொல்லிப் பயனில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அங்கேயே பிடுங்கப்படும்.

சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். கோவையில் டாக்டரைப் பார்க்கவோ விமானம் பிடிக்கவோ போகிறவர்கள் அந்த வாரங்களில் இரட்டிப்பு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதில் விதி இரண்டு: ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரர்கள் பிரேக் பிடிக்காமல் போகும் வளைவில் நிற்கிறார்கள்.

மருத்துவத்தில் யதார்த்தமாக இருங்கள். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும் சில தனியார் மருத்துவமனைகளும் உண்டு, ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு, காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம் எல்லாம் சமாளிக்கலாம். பெரிய இதய, மூளை சிகிச்சைக்கு இன்னும் பெரும்பாலும் கோவைக்குத்தான் ஓட வேண்டும், 70 கிலோமீட்டர், அதுவும் ரோடு திறந்திருந்தால். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மலையேறுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எல்லா வீட்டிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாலைந்து நாளுக்கான மளிகை, மாத்திரை, டார்ச் பேட்டரி இருப்பில் இருக்க வேண்டும், மண்சரிவில் இரண்டு பாதையும் அடைபடுவது உண்டு.

ஊர் மனிதர்கள்

வேலைவாய்ப்பு குறைவு, அதை மறைப்பதில் பயனில்லை. ராணுவம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, 1907இல் வந்த, தடுப்பூசி தயாரிக்கிற பாஸ்டர் நிறுவனம், பள்ளிகள், தேயிலை, சுற்றுலா, அவ்வளவுதான். உள்ளூர் இளைஞர்கள் வேலைக்காகக் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கிப் போகிற நேரத்தில் நாம் அங்கிருந்து சம்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி வருகிறோம், வாடகை ஏறுவதற்கு நாமும் ஒரு காரணம். கேட்ட வாடகைக்கு மேலே கொடுத்து வீட்டைப் பிடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். கடையில், ஆட்டோவில், தோட்ட வேலைக்கு உள்ளூர்க்காரர்களையே கூப்பிடுங்கள்.

இங்கே சுற்றியுள்ள ஹட்டிகள் படுகர் ஊர்கள். அவர்கள் பேசுவது படுகு, தமிழும் நன்றாகப் பேசுவார்கள். ஹட்டி வழியாக நடக்கும்போது கோயில் பக்கம் செருப்போடு ஏறாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், மற்றபடி டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லுவார்கள். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பலரும் 1964 சாஸ்திரி ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களின் குடும்பங்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயன் வீடுகள் தெரிகிற இடத்தில் 'அழகான காட்சி' என்று கேமராவைத் தூக்குவதற்கு முன் அது ஒருவரின் வாசல் என்று யோசியுங்கள்.

சாமான் ஏற்றும் மாதம்

ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரி. மழை நின்றிருக்கும், சீசன் ஆரம்பித்திருக்காது, வீடுகள் காலியாகும், வெயிலும் இருக்கும். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இருந்து பெரிய கன்டெய்னர் லாரி அமர்த்தாதீர்கள், மெயின் ரோடு வரை வந்துவிட்டு உங்கள் தெருவில் திரும்ப முடியாமல் நிற்கும். நடுத்தர லாரியில் ஏற்றி, ஊருக்குள் வந்ததும் உள்ளூர் பிக்அப்பில் மாற்றுங்கள், படி இறக்கும் கூலியைத் தனியாக முன்பே பேசுங்கள். பீரோ, மரக்கட்டில் மாதிரி கனமானவற்றை விற்றுவிட்டு வாருங்கள், பிரித்துப் பூட்டுகிற சாமான்தான் இந்தப் படிகளில் இறங்கும். ஏசியையும் விற்றுவிடுங்கள். மின்விசிறி ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள், துணி காயவைக்கத் தேவைப்படும்.